ஆறாவது விரல்

அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிய ஆறுமுகநயினாருக்கு அரிசிதான் அகப்பட்டது. முழங்கை வரை விட்டுப் பார்த்தார். அப்போதும் அரிசிதான்.

"ஏட்டி சங்கரம்! இதுக்குள்ள ஒரு சந்தனப் பெட்டி வச்சிருந்தேனே, எங்க?"

அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த சங்கரம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெட்டி அந்தா மாடத்துல இருக்கு. சீரகம் போட்டு வச்சிருக்கேன். உள்ள இருந்த வெள்ளிச் சாமானத்தான் விடியக்காலையே குளிச்சிட்டுப் போயி அம்மன் உண்டியல்ல போட்டுட்டு வந்தேன். தோசைக்குத் தொவையல் போதுமா, மொளகாப்பொடியும் வேணுமா?"

நயினார் அரிசிப் பானையைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது. தென்காசியில் பேர்பெற்ற வக்கீல் விஸ்வேஸ்வரனிடம் அவர் குமாஸ்தா. வக்கீலுக்கு ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஒரு கண். ஜில்லா கலெக்டர் துரை சாரல் காலத்துக்காகக் குற்றாலம் பங்களாவில் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். துரைசாணிக்குக் கலை என்றால் உயிர் என்று தெரிந்ததும், அருவிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்த செல்லப்பா என்ற கலைஞரிடம் வக்கீல் ஒரு கழுத்தணிக்குச் சொல்லிவிட்டார். செல்லப்பா மெட்ராஸில் சிற்பம் படித்தவர். தலைமுடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, யாரோடு பேசினாலும் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற சுவரைப் பார்த்தே பேசுவார்.

நேற்றுச் சாயங்காலம் நயினார்தான் ஜட்கா வண்டியில் போய் அதை வாங்கி வந்தார்.

"மிஸ்டர் நயினார், இது நகை இல்லை" என்று செல்லப்பா சுவரிடம் சொன்னார். "சிற்பம். கழுத்தில் போட்டுக்கொள்கிற சிற்பம். மனிதனை நான் துண்டு துண்டாக்கி மறுபடி சேர்த்திருக்கிறேன்."

சேர்த்துத்தான் இருந்தார். பருத்த வெள்ளிக் கம்பியில் ஒரு ஜோடிக் கண், ஒரு காது, ஒரு கை, ஒரு வயிறு, நட்டநடுவில் ஓர் இடது கால்.

"இந்தக் காலைப் பாருங்கள். ஆறு விரல்! மனிதனுடைய அதிகப்படி ஆசைதான் அந்த ஆறாவது விரல். துரைசாணியிடம் இதைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்கத்தான் துடித்துக்கொண்டிருக்கிறாள்."

நயினார் தம் இடது காலை மெல்ல வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அதில் ஆறு விரல். அது ஆசை என்பது அவருக்கு நேற்றுவரை தெரியாது.

வக்கீல் ஒரு கேஸ் விஷயமாகத் திருநெல்வேலி போயிருந்தார். இன்று மத்தியான ரயிலில் வருகிறார். சாயங்காலம் துரை பங்களாவில் தேநீர் விருந்து. போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஓய் நயினார், இதிலே மட்டும் ஏதாவது பிசகு நடந்துதோ, அப்புறம் என் ஆபீஸ் வாசப்படியை மிதிக்காதீர்."

இப்போது அந்த வாசப்படி நயினாரின் கண்முன்னே ஆடியது.

"அது நேத்திக்கடன் சாமான் இல்லட்டி!" என்று அலறினார். "கலை! துரைசாணி கழுத்துல போடுத நகை!"

சங்கரம்மாள் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "கண்ணு, காது, கையி, வயிறு. இத எவ கழுத்துல போடுவா? நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. அந்தக் காலு இருக்கே..."

"காலாவது கையாவது! என் பொழப்பே போச்சுன்னு நிக்கேன், நீ காலப் பத்திப் பேசுதியா?"

சீரகத்தைத் தட்டில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். போன வருஷம் சாரலில் அருவிப் பாறையில் வழுக்கி ஒடிந்தது அவருடைய இடது கால். ஓடினால் இன்றைக்கும் வலிக்கும். வலித்தது.

தெருக்கோடி முப்பிடாதியம்மன் கோயிலில் பூசாரி நல்லகண்ணு விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நயினார் விஷயத்தை உள்ளபடி சொல்ல வாயெடுத்தார். உண்டியலில் விழுந்ததை வெளியே எடுத்துத் துரைசாணி கழுத்தில் போட வேண்டும் என்று ஒரு பூசாரியிடம் எப்படிச் சொல்வது? வாய் தானாக வேறு வழியில் போயிற்று.

"வேற ஒண்ணும் இல்ல நல்லகண்ணு. எங்க வக்கீலய்யா நேத்திக்கடன் ஒண்ணு. குத்தாலத்துல ஒரு கோயிலுக்குச் சேரவேண்டியது. வீட்டுல தெரியாம இங்கன போட்டுட்டா."

"என்ன உருப்படி அண்ணாச்சி?"

"கண்ணு, காது, கை, கால், வயிறு."

நல்லகண்ணு துணியைக் கீழே போட்டார். "அடப் பாவமே! வக்கீலய்யாவுக்கு உடம்புல நல்லா இருக்கதுன்னு ஒண்ணுமே இல்லியா?"

"அத விடும். உண்டியலத் தெறக்க முடியுமா?"

"கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் அண்ணாச்சி தெறப்போம். போன கொடை முடிஞ்சு தெறந்தோம். கெடந்த வெள்ளியெல்லாம் ஏலத்துல விட்டுத்தான் மண்டபத்துக்கு ஓடு மாத்துனோம். இனி அடுத்த கொடைக்குத்தான். சாவி தர்மகர்த்தாகிட்ட. அவரு காசிக்குப் போயிருக்காரு."

"அம்மன் உத்தரவு குடுத்தா?"

நல்லகண்ணு யோசித்தார். "பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா பூட்ட ஒடச்சிருவோம், செவப்பு வந்தா நீங்க பேசாம வீட்டுக்குப் போயிரணும்."

வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டார். கோயில் வாசலில் பூ விற்கிற நாச்சியாரைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். சிவப்பு.

"கை தவறியிருக்கும். இன்னொரு தடவ" என்றார் நயினார்.

மறுபடியும் சிவப்பு.

"அம்மன் கோவத்துல இருக்கா அண்ணாச்சி" என்று நாச்சியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆமா, வக்கீலய்யாவுக்கு வயிறுமா போச்சு? நல்லா சாப்புடுத மனுசனாச்சே!"

சொல்லிவிட்டுப் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அவள் தென்காசியில் பூ கொடுக்காத வீடு கிடையாது. நயினாருக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை.

வெள்ளி வேலை பரமசிவன் ஆசாரியின் பட்டறைக்குப் போய் நின்றார். நேத்திக்கடன் உருப்படிகளை அவன் தயாராகவே செய்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருப்பான்.

"கண்ணு, காது, கை, கால், வயிறு. வெள்ளிக் கம்பியில கோத்து மாலையா வேணும். மத்தியானத்துக்குள்ள."

ஆசாரி ஒரு தடவை அவர் காலைக் குனிந்து பார்த்தான். "மறுபடியும் காலா அண்ணாச்சி?"

கால் வலியைக் கேட்கிறான் என்று நினைத்த நயினாருக்கு எரிச்சல் வந்தது. "எனக்கு இல்லப்பா, வக்கீலய்யாவுக்கு." ஆறு விரல் வேண்டும் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. சொன்னால் இவன் இன்னொரு தடவை குனிந்து பார்ப்பான். அஞ்சோ ஆறோ, துரைசாணி எண்ணியா பார்க்கப்போகிறாள் என்று தேற்றிக்கொண்டார்.

"மாலை எதுக்கு? தனித்தனியாத்தான போடுவாவ?"

"சேத்துப் போட்டா அம்மன் ஒரே பார்வையில எல்லாத்தையும் பாத்துருவா. நீ வேலையப் பாரு."

ஆசாரி தகரப் பெட்டியைக் கிண்டினான். கண் கிடைத்தது. கை கிடைத்தது. வயிறும் காலும் கிடைத்தன. காது கிடைக்கவில்லை.

"காது கைவசம் இல்ல அண்ணாச்சி. தேள் இருக்கு, போடவா?"

"துரை... வக்கீலய்யா கழுத்துல தேளா? வேற என்ன இருக்கு?"

"தொட்டில் இருக்கு. பிள்ள வரம் கேக்கதுக்கு ஒரு அம்மா சொல்லிட்டு வாங்க வரல. கனம் சரியா இருக்கும்."

மணி ஓடிக்கொண்டிருந்தது. "போட்டுத் தொல" என்றார் நயினார்.

மாலை பளபளவென்று தயாராயிற்று. செல்லப்பாவின் மாலையில் எல்லாம் மங்கலாக, நசுங்கலாக இருந்தன. இதில் எல்லாம் புத்தம் புதுசாக மின்னின. அதைச் சந்தனப் பெட்டியில் வைத்து மூடியபோது சீரக வாசனை குப்பென்று அடித்தது. நயினார் அதை எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் ஒரே கூட்டம். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே போனால், அப்போதுதான் ரயிலிலிருந்து வந்திருந்த வக்கீல் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் கட்சிக்காரர்கள். ஒருவர் கையில் திருநீறு. ஒருவர் கையில் கஷாயம். பாவூர்சத்திரத்திலிருந்து வந்த ஒருவர் வக்கீலின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, உடம்பப் பாத்துக்கிடுங்க. எங்க வரப்புக் கேஸை வேற வக்கீல்ட்ட குடுத்துருதோம். நீங்க அதுக்காக வருத்தப்படக் கூடாது."

"ஓய் நயினார்!" வக்கீலின் குரல் உடைந்திருந்தது. "எனக்கு என்னங்காணும் வியாதி?"

"ஒண்ணுமே இல்ல சாமி."

"அப்போ ஸ்டேஷன்லேர்ந்து ஆத்துக்கு வரதுக்குள்ளே ஊரே ஏன் என்னைத் துக்கம் விசாரிக்கறது? கண் தெரியலேங்கறான், காது கேக்கலேங்கறான், ஒருத்தன் என்னைத் தூக்கிண்டு வரேன்னு குனிஞ்சே நின்னுட்டான்!"

நயினார் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து விஜயம் மாமி வந்தாள். வக்கீலின் மனைவி. பேரன் பேத்தி எடுத்தவள். சாதாரணமாக அதிர்ந்து பேச மாட்டாள். இன்றைக்கும் அதிர்ந்து பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நயினார், இப்படிக் கொஞ்சம் வாங்கோ. பூக்காரி வந்து சொன்னா. கண்ணு, காது எல்லாம் இருக்கட்டும். பட்டறைக்குப் பூ கொடுக்கப் போனப்போ கேள்விப்பட்டாளாம், பரமசிவன்கிட்டே அவருக்காகத் தொட்டில் வாங்கினேளாமே. அறுபதுக்கு ரெண்டு குறைச்சல் அவருக்கு. தொட்டில் யாருக்கு? எந்த ஊர்லே?"

திருநெல்வேலிக் கேஸ், அடிக்கடி போகிற ரயில், எல்லாம் மாமியின் கண்ணில் வரிசையாகத் தெரிந்தன. நயினாருடைய வேலையோடு போகிறது என்றால் பரவாயில்லை, வக்கீலின் குடும்பமே போய்விடும் போலிருந்தது.

"ஐயையோ, மாமி! அது துரைசாணிக்கு!" என்று உளறினார். "பாவம், பிள்ள இல்ல. வெளிய சொல்லக் கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காரு."

மாமியின் முகம் அப்படியே மாறிவிட்டது. கண் கலங்கிவிட்டது. "அடடா, அந்தப் பொண்ணுக்கா? இந்த மனுஷர் எங்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாரோ? நானும் வரேன் பங்களாவுக்கு."

"நீங்க எதுக்கு மாமி?"

"குங்குமம் இட்டுக் கையிலே மஞ்சள் கயிறு கட்ட வேண்டாமோ?"

மேலகரம் தாண்டி வண்டி போகும்போது சாரல் அடித்தது. வக்கீல் தமக்கு வியாதி இல்லை என்று மாமியிடம் நிரூபித்துக்கொண்டே வந்தார். மாமி அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பார்வையின் காரணம் தெரியாமல் வக்கீல் இன்னும் பயந்தார். நயினார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் தும்மிக்கொண்டே வந்தார்.

பங்களா வராந்தாவில் துரை, துரைசாணி, செல்லப்பா, கோப்பை கோப்பையாகத் தேநீர். மேஜையில் ஒரு போட்டோ. சீமையில் படிக்கிற மூன்று பிள்ளைகள் அதில் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். துரையின் ஜாடை, துரைசாணியின் மூக்கு. மாமி அதைப் பார்த்தாள். பிறகு நயினாரைப் பார்த்தாள். கையிலிருந்த மஞ்சள் கயிற்றை மெதுவாக முந்தானைக்குள் முடிந்துகொண்டாள்.

வக்கீல் பெட்டியை நீட்டினார். துரைசாணி திறந்தாள். சீரக வாசனையை ஆழமாக இழுத்து, கண்ணை மூடி, இந்தியா என்றால் இதுதான் என்று இங்கிலீஷில் சொன்னாள். பிறகு மாலையை வெளியே எடுத்தாள்.

நெற்றியில் அடித்துக்கொள்ளப்போன செல்லப்பா தலைமுடியைக் கோதிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நயினாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். நயினார் கூரையைப் பார்த்தார்.

துரைசாணி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்த காலைப் பிடித்து விரல்களை எண்ணினாள். எண்ணி முடித்து முகம் வாடினாள்.

"மிஸ்டர் செல்லப்பா, ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது விரல் எங்கே?"

வக்கீல் திரும்பி நயினாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆபீஸ் வாசப்படி இருந்தது. இவ்வளவு வருஷம் கேஸ் கட்டு சுமந்த குமாஸ்தா வேலை ஒரு விரலில் போகிறதே என்று நயினாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இது என்னுடைய வேலையே இல்லை என்று செல்லப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்தது.

செல்லப்பா எழுந்தார். சுவரைப் பார்த்தார்.

"மேடம், அந்த விரல் மனிதனுடைய ஆசை. நேற்று அதை நான் துறந்துவிட்டேன்."

துரைசாணி மூச்சை இழுத்துப் பிடித்தாள். "இந்தத் தொட்டில்?"

"ஆசையைத் துறந்தவனுக்கு மறுபிறப்பு."

"காது இருக்கும் என்றீர்களே?"

"மறுபிறப்பு எடுத்தவன் உலகத்தின் இரைச்சலைக் கேட்பதில்லை, மேடம்."

துரைசாணி எழுந்து நின்று கைதட்டினாள். துரையும் தட்டினார். வக்கீல் ஒன்றும் புரியாமலே எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அவர் மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், தொட்டிலுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதில் மாமி சமாதானமாகி ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். துரை வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

நயினாருக்கு நடந்தது எதையும் நம்ப முடியவில்லை. சொந்த வேலை எது, ஆசாரி வேலை எது என்று தெரியாதவரா இந்த மனிதர்?

படியிறங்கும்போது செல்லப்பா அவர் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தார். "யோவ், என்னுடையது எங்கே?"

"மன்னிக்கணும். வீட்டுல நேத்திக்கடன்னு நெனச்சு உண்டியல்ல போட்டுட்டா."

"எந்தக் கோயில்?"

"தென்காசியில, எங்க தெருக்கோடி முப்பிடாதியம்மன்."

செல்லப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. சாரல் குளிரில் அவருக்கு வேர்த்தது. "அங்கேயேவா?" என்றார். "சரி, போனது போகட்டும். யாரிடமும் மூச்சு விடாதீர்கள். உங்கள் வீட்டம்மாளிடமும் சொல்லிவையுங்கள்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மழையிலேயே இறங்கி விறுவிறுவென்று நடந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று குனிந்து நின்ற நயினாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வண்டியில் ஏறும்போது வக்கீல் அவர் முதுகில் தட்டினார். "நாளைக்குச் சீக்கிரமே ஆபீஸுக்கு வாரும் ஓய்." அந்த ஒரு வார்த்தை போதும். நயினார் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் நுழையும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

சங்கரம்மாள் காலையில் விட்ட இடத்திலேயே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். பூ, தொட்டில், வயிற்றை அமுக்கியவர், துறந்துவிட்ட விரல், எல்லாம் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"வேல தப்பிச்சுது. அம்மன் புண்ணியம்" என்று பெருமூச்சு விட்டார். "இருந்தாலும் சங்கரம், நேத்திக்கடன் சாமானுக்கும் கலைக்கும் வித்தியாசம் தெரியாம இப்படி ஒரு காரியத்தப் பண்ணிட்டியே. நாளைப் பின்ன எதையும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யி."

சங்கரம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"காலையிலயே சொல்ல வந்தேன், நீங்கதான் விடல. போன வருசம் நீங்க கால ஒடிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, என் தண்டைய உருக்கி, ஆறு விரலும் வச்சு, பரமசிவன்கிட்ட செஞ்சு வாங்கி அம்மனுக்கு நான் போட்ட காலுல்லா அது? ஏலத்துல எவன் எடுத்தா எனக்கென்ன, கட்டுன புருசன் கால ஒரு வெள்ளக்காரி கழுத்துல தொங்கவிட்டுட்டு நான் இங்கன தோசை சுட்டுக்கிட்டு இருப்பேனா?"